கிக் மட்டும் தாமதமாக வந்தது

ஆடி மாதம் கல்யாண மண்டபங்களுக்கு ஓய்வு. சென்னை மெல்லிசைக் குழுக்காரர்களுக்கோ அதுதான் அறுவடைக் காலம். முகூர்த்தம் இல்லாத அந்த மாதத்தில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள், தீ மிதிப்பார்கள், கடைசி நாள் இரவு மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். 1990-களில் வியாசர்பாடியிலோ சைதாப்பேட்டையிலோ இரவு பத்து மணிக்கு முதல் பக்திப் பாட்டு தொடங்கினால், விடியற்காலை பால் பாக்கெட் வண்டி வரும்வரை கச்சேரி ஓடும். பாடுகிறவர்கள் மாறி மாறி வருவார்கள். கீபோர்டுக்காரர் ஒரு பாட்டுக்கு ஒதுங்கி டீ குடித்துவிட்டு வரலாம். பலகுரல் கலைஞர் மேடைக்கு வந்தால் மற்றவர்களுக்கு இடைவேளை. டிரம்ஸ் வாசிக்கிறவருக்கு அதுவும் கிடையாது. ஒவ்வொரு நகைச்சுவைக்கும் கடைசியில் ‘டுடும்… சஸ்’ என்று முத்தாய்ப்பு வைக்க ஆள் வேண்டுமே.

அப்படி விடிய விடிய உட்கார்ந்தவர் ஒருவரின் கதை இது. குழுவில் எல்லோரும் அவரை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். டிரம்மருக்குக் கால் சரியில்லை என்று பேச்சுக் கிளம்பினால் மறுநாளே போன் வருவது நின்றுவிடும் என்பது அவர் பயம். வயது அறுபதைத் தாண்டிய பின்னும் அந்தப் பயம் போகவில்லை. கேட்பவர்களுக்கு மிகையாகத் தோன்றலாம். மாதச் சம்பளம் இல்லாத, ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசி வாங்குகிற தொழிலில் அது மிகையே இல்லை.

மாஸ்டர் பிறந்தது கும்பகோணம் பக்கத்துக் கிராமம். முதலில் கற்றுக்கொண்டது மிருதங்கம். வலக்காலைச் சற்று நீட்டி, கணுக்காலின் மேல் வலந்தலைப் பக்கத்தைத் தாங்கி, மடக்கிய இடக்காலை வாத்தியத்தோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பலாமரத்தில் குடைந்த கட்டை; சிறுவனின் காலுக்கு அது நல்ல சுமை. பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பாதத்தில் எறும்பு ஊரும். பிறகு எறும்பும் தெரியாது, பாதமும் தெரியாது. ஒருநாள் தயங்கித் தயங்கிக் குருவிடம் சொன்னான் பையன். அவர் தாளம் போடுவதை நிறுத்தவே இல்லை.

“கால் மரத்தா மரக்கட்டும்டா. கை மரக்காம பாத்துக்கோ.”

கொடுமை போலக் கேட்கும். ஆனால் அந்த வித்தை அப்படித்தான் வளர்ந்தது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கச்சேரிக்கு ஓர் ஒழுங்கு கட்டிக் கொடுத்த பிறகும் நாலைந்து மணி நேரம் பாடிய காலம் உண்டு. அத்தனை நேரமும் பக்கவாத்தியக்காரர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர்; மேடையில் அவர் உட்கார வேண்டிய பக்கமே மாறும், வாத்தியம் தாங்குகிற காலும் மாறும். எந்தக் காலாக இருந்தாலும் சரி, தனி ஆவர்த்தனம் முடிந்து கைதட்டல் எழும்போது மிருதங்கக்காரர் உடனே எழுந்திருக்க மாட்டார் என்பதைக் கவனித்தவர்கள் கவனித்திருப்பார்கள்.

உட்கார்ந்து மரத்துப்போவதில் பயப்பட ஒன்றும் இல்லை. ரத்தம் ஓடாமல் கால் செத்துப்போகிறது என்று கிராமத்தில் சொல்வார்கள். பெரும்பாலும் அது நரம்பின் விவகாரம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில், விரலால் தடவினால் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தின் மேல்பகுதிக்கு உணர்ச்சியும், பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்குக் கட்டளையும் கொண்டுபோகிற நரம்பு அந்த முண்டைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு மிக அருகில் போகிறது. சம்மணம் போட்டாலும் குந்தி உட்கார்ந்தாலும் கால்மேல் கால் போட்டாலும் அது அழுந்தும். அழுந்திய இடத்தில் நரம்புக்கே ஊட்டம் குறைந்து செய்தி நிற்கும். காலை நீட்டியதும் செய்தி தாறுமாறாகத் திரும்பி வருவதுதான் அந்த ஊசி குத்தல். சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடும். மாஸ்டருக்கும் சரியாகிவிட்டது, ஒவ்வொரு முறையும். மரத்தால் மீளும் என்பது அவர் உடம்பு கற்றுக்கொண்ட பாடம். பிற்காலத்தில் அவரை ஏமாற்றியதும் அந்தப் பாடம்தான்.

சென்னைக்கு வந்தது சபாக்களில் வாசிக்கும் கனவோடு. கிடைத்தது மாமா ஒருவரின் சிபாரிசில் மெல்லிசைக் குழுவில் தபேலாவும் டோலக்கும். டிரம்ஸ்காரர் வராத ஒரு மாலை, குழுத் தலைவர் இவரைப் பின்னால் போய் உட்காரச் சொன்னார். “சின்ன வயசிலேருந்து காலை மடக்கி வெச்சவன் நான். ரெண்டு காலுக்கும் வேலை குடுக்கற வாத்தியம் கிடைச்சா எப்படி இருக்கும் சொல்லுங்க?” என்று இன்றைக்கும் கண் விரியச் சொல்கிறார். வலக்கால் கிக் டிரம்மின் பெடலில், இடக்கால் ஹை-ஹாட் பெடலில். இளையராஜாவின் பாடல்களில் புருஷோத்தமன் வாசித்த டிரம்ஸை டேப்பில் தேய்த்துத் தேய்த்துக் கேட்டுப் படித்தார். சிவமணி மேடையில் வாசிப்பதைக் கூட்டத்தில் நின்று பார்த்தார்.

டிரம்ஸ்காரரின் கால் வேலைக்கு நீண்ட வரலாறு கிடையாது. அமெரிக்காவில் ஒரே ஆள் ஸ்நேர் டிரம்மையும், கிக் டிரம் என்கிற பெரிய பேஸ் டிரம்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குச்சியாலேயே இரண்டையும் மாற்றி மாற்றி அடித்த காலம் ஒன்று இருந்தது. சிகாகோவில் வில்லியம் லுட்விக் வேகமாக இயங்கும் பெடல் ஒன்றைச் செய்து 1909-இல் சகோதரரோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். அதன் பிறகுதான் கால் முழுநேர வேலைக்கு வந்தது. 1920-களில் இரண்டு சிம்பல்களைக் காலால் மோதவைக்கும் கருவி வந்து, அது உயர்ந்து உயர்ந்து ஹை-ஹாட் ஆனது. இடக்காலும் மாட்டிக்கொண்டது.

உழைப்பு எவ்வளவு என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ‘பிளாண்டி’ குழுவின் டிரம்மர் கிளெம் பர்க்கின் உடம்பில் கருவிகளைப் பொருத்தி இங்கிலாந்தின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேடையிலேயே சோதித்தார்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்குச் சராசரியாக 140 முதல் 150, உச்சத்தில் 190 வரை போனதாக 2008-இல் செய்தி வந்தது. கால்பந்து வீரருக்கு நிகரான உழைப்பு என்றார்கள். கால்பந்து வீரர் நடுவில் நிற்கலாம், நடக்கலாம். இவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி அதைச் செய்ய வேண்டும்.

உட்காருவது எதில் என்பதில்தான் வில்லங்கம். டிரம்ஸ் வாசிக்கத் தனி ஸ்டூல் உண்டு. திருகினால் உயரம் கூடும், குறையும், மெத்தை தடித்திருக்கும். வாடகை செட் வந்து இறங்கும்போது டிரம், சிம்பல், ஸ்டாண்டு எல்லாம் எண்ணி இறக்குவார்கள். ஸ்டூலை எண்ண மாட்டார்கள். வந்தாலும் மரை தேய்ந்து, வாசிக்க வாசிக்கக் கீழே இறங்கிக்கொண்டே போகும். வராத நாளில், முன் வரிசையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேடை ஏறும். அதன் இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும், முன்விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அறுக்கும். இடுப்பு கீழே, முழங்கால் மேலே என்று உட்கார்ந்து முன்னால் குனிந்து வாசிக்க வேண்டும். முதுகுத்தண்டு வட்டுகளுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் ஊசி செலுத்தி அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது கூடுதல், உட்கார்ந்து முன்னால் குனிந்தால் இன்னும் கூடுதல் என்று அவர் கண்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் டிரம்ஸ் வாசித்த மாஸ்டர் இரவு முழுக்கச் செய்தது அந்தக் கடைசி வேலையைத்தான். முடித்துவிட்டு செட்டைத் தூக்கி வேனில் ஏற்றி, பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸோடு அதே வேனில் ஊர் திரும்பினார்.

முதலில் மரத்தது வலக்காலின் கட்டைவிரல். பிறகு பாதத்தின் மேல்பக்கம். ராத்திரி வாசித்தால் மரப்பது வழக்கம்தானே, காலையில் விட்டுவிடும் என்று இருந்தார். காலையிலும் விடவில்லை. கோயில் வாசலில் கழற்றிய செருப்பில் வலக்கால் செருப்பைக் காணோம் என்று தேடியபோது அது காலிலேயே இருந்தது என்று மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பார். அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லையாம்.

கண்டுபிடித்தவர் பேஸ் கிட்டார்க்காரர். கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் ஒன்றாக விழ வேண்டும். விழாவிட்டால் முதலில் உறுத்துவது அவருக்குத்தான். ஒரு வரவேற்பு நிகழ்ச்சி முடிந்து வயரைச் சுருட்டும்போது மெதுவாகச் சொன்னார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கிக் மட்டும் லேட்டா வருது. ரெண்டு அடி இருக்கற எடத்துல ரெண்டாவது வரவே மாட்டேங்குது.”

மாஸ்டர் கோபித்துக்கொண்டார். பெடலில் எண்ணெய் இல்லை என்றார். ஸ்ப்ரிங் போய்விட்டது என்றார். மறுநாள் வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார். பெடலை அழுத்த முடிந்தது. அழுத்திய பாதத்தை மேலே எடுக்கத்தான் முடியவில்லை. பெடலின் அடிகோலான ‘பீட்டர்’ டிரம் தோலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க, சத்தம் ‘தும்’ என்று திறக்காமல் ‘தப்’ என்று அடைத்தது. பாதம் பெடலில் எங்கே இருக்கிறது என்பதும் குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. காதில் கிக் விழாதபோதுதான் கால் வழுக்கிவிட்டது புரிந்தது. ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வாசித்தால் தெரியும் என்று நினைத்தார். தெரியவில்லை, பெடலின் விளிம்பில் கிழிந்து ரத்தம் வந்ததும் தெரியவில்லை.

அடுத்த சில மாதங்கள் ஊரில் உள்ள வைத்தியமெல்லாம் நடந்தது. நரம்பு புரண்டுவிட்டது என்று ஒருவர் எண்ணெய் போட்டு உருவினார். ஒரு பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் படத்தைப் பார்த்த கையோடு ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கச் சொன்னார்கள். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பது மாஸ்டரின் மனக்குறை. கடைசியாகப் போய்ச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஸ்கேனை மேசையில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு ட்யூனிங் ஃபோர்க்கை எடுத்தார். வாத்தியக்காரருக்கு முகம் மலர்ந்தது. நொடிக்கு 128 முறை அதிரும் ஃபோர்க் அது. மருத்துவர் அதைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்தார்.

“சார், கீபோர்டு சுருதிக்கு இது கொஞ்சம் இறக்கம்.”

“சுருதி இருக்கட்டும். அதிர்வு தெரியுதா?”

“காதுக்குத் தெரியுது சார். காலுக்குத் தெரியல.”

இடக்காலிலும் வைத்தார். அங்கேயும் விரல் நுனியில் தெரியவில்லை, கணுக்காலில்தான் தெரிந்தது. இடக்காலில் கோளாறு இருப்பதாக மாஸ்டர் நினைத்ததே இல்லை. பிறகு குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார், கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லித் தன் விரலால் அழுத்தினார். நுனிக்காலில் நடக்க முடிந்தது. வலக்காலைக் குதிகாலில் ஊன்றிப் பாதத்தைத் தூக்கியபடி நடக்க முடியவில்லை. ரத்தப் பரிசோதனை, நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் சோதனை எல்லாம் முடிந்து அவர் சொன்னது இது: மாஸ்டருக்கு இருந்தது ஒரு நோயல்ல, இரண்டு.

ஒன்று இடுப்பில். நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு பிதுங்கி, வலக்காலுக்குப் போகும் நரம்பு வேரை அழுத்துகிறது. பாதத்தின் மேல்பக்கமும் கட்டைவிரலும் மரப்பதும், பாதத்தைத் தூக்கும் பலம் குறைவதும் அந்த வேரின் அடையாளம். அதற்குக் கீழ் வட்டாக இருந்திருந்தால் சுண்டுவிரல் பக்கம் மரத்து, நுனிக்காலில் எழும்பும் பலம் குறைந்திருக்கும். பெடலை அழுத்துவதே சிரமமாகியிருக்கும். இரண்டாவது சர்க்கரை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. அதில் எத்தனையோ பேரைப்போல மாஸ்டருக்கும் எப்போது வந்தது என்றே தெரியாது. அது நரம்பைப் பிடித்தால் நீளமான நரம்பின் நுனியில் தொடங்கும். இரண்டு கால் விரல்களிலும் ஒரே மாதிரி மரத்து, காலுறை போட்டதுபோல மேலே ஏறும். போதாததற்கு பி12 வைட்டமினும் குறைவு. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு அது சகஜம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டாலும் குறையும். பி12 ஊசி போட்டார்கள், சர்க்கரைக்கு மருந்து தொடங்கினார்கள்.

ஆபரேஷன்? பலவீனம் நாளுக்கு நாள் கூடினால் உடனே செய்யலாம், இல்லையென்றால் காத்திருக்கலாம் என்றார் மருத்துவர். பிதுங்கிய வட்டு பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடுகிறது. நரம்பு மீளத்தான் பொறுமை வேண்டும். சேதமான நரம்பிழை ஒருநாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம்வரை தூரம் எவ்வளவு என்று மாஸ்டர் வீட்டில் டேப் வைத்து அளந்து பார்த்திருக்கிறார்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் கீபோர்டுக்காரப் பையன் ஒருவன் தன் போனில் வெளிநாட்டு டிரம்மர்களின் கதைகளைத் தேடித் தேடிக் காட்டினான். ஆறுதலுக்காகக் காட்டினான். எல்லாமே ஆறுதலாக இல்லை.

‘ஜெனசிஸ்’ குழுவின் பில் காலின்ஸ் 2007 சுற்றுப்பயணத்தின்போது கழுத்து எலும்பில் அடிபட்டு, அறுவை சிகிச்சைக்குப் பின் கையில் குச்சி நிற்காமல் போனவர். 2010-இல் வந்த இசைத்தொகுப்புக்குக் குச்சியைக் கையோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டு வாசித்தார். அதோடு முடியவில்லை. பின்னர் நடந்த முதுகு அறுவை சிகிச்சையால் பாதம் தொங்கிப்போனது. 2017 ஜூனில், லண்டனில் கச்சேரிகள் நடந்துகொண்டிருந்த நேரம், நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுந்தவர் அந்தக் காலால் தடுக்கி விழுந்து தலையில் காயமடைந்தார், கச்சேரிகள் தள்ளிப்போயின. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். பின்னால் டிரம்ஸ் வாசித்தது மகன் நிக். 2022 மார்ச் 26 அன்று லண்டனில் ஜெனசிஸின் கடைசிக் கச்சேரியிலும் அப்படியே. காலின்ஸும் பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் போல இடக்கைக்காரர் என்று கேட்டதும் மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம்.

‘ஸ்லிப்நாட்’ குழுவின் ஜோயி ஜோர்டிசன் கதை வேறு. அசுர வேகத்தில் இரண்டு காலாலும் கிக் அடித்தவர் அவர். 2013 கடைசியில் குழுவைவிட்டு வெளியேற்றப்பட்டார். காரணம் 2016-இல்தான் அவர் வாயால் வெளியே வந்தது: தண்டுவடத்தின் குறுக்கே அழற்சி ஏற்படும் ஓர் அரிய நோய். கால்கள் செயலிழந்தன. உடற்பயிற்சிக் கூடத்தில் கிடந்து மீண்டு, புதுக் குழுக்களோடு மறுபடியும் வாசித்தார். 2021 ஜூலையில் 46 வயதில் இறந்தார்.

இங்கிலாந்து டிரம்மர் ராபர்ட் வயட், 1973 ஜூன் 1 அன்று ஒரு விருந்தில் ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். பெடல் இல்லாத டிரம்மராகவும் பாடகராகவும் அடுத்த ஆண்டே ‘ராக் பாட்டம்’ என்ற இசைத்தொகுப்பைக் கொண்டுவந்தார். ‘டெஃப் லெப்பர்ட்’ குழுவின் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடக்கையை இழந்தவர்; கை செய்த வேலையை இடக்காலுக்கு மாற்றி, பெடல்களால் இயங்கும் மின்னணு டிரம்ஸோடு 1986-இல் டானிங்டன் விழா மேடையில் வாசித்தார். மாஸ்டருக்குப் பிடித்த கதை இது. “அவர் கை வேலையைக் காலுக்குக் குடுத்தாரு. நான் கால் வேலையைக் கைக்குக் குடுத்தா என்ன?”

அப்படித்தான் ஆக்டோபேட் வந்தது. ரோலண்டு கம்பெனி 1985-இல் வெளியிட்ட அந்த எட்டுக் கட்டப் பலகை தமிழ் மெல்லிசைக் குழுக்களில் பல டிரம்ஸ்காரர்களின் வேலையைப் பறித்திருக்கிறது. மாஸ்டரே அதை வைது தீர்த்தவர். இப்போது அதன் ஒரு கட்டத்தில் கிக் சத்தத்தை ஏற்றி, இரட்டை அடி வருகிற இடங்களில் மட்டும் இடக்கையால் தட்டினார். ஸ்நேரில் வாசிக்க வேண்டியதில் கொஞ்சம் குறைந்தது. கேட்பவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. பேஸ் கிட்டார்க்காரர் தலையை ஆட்டினார்.

பெரிய மாற்றம் காலிலேயே நடந்தது. அதுவரை குதிகாலைப் பெடலில் ஊன்றி, முன்பாதத்தை மட்டும் தூக்கித் தூக்கி வாசிப்பது அவர் பழக்கம். பலமிழந்தது அந்தத் தூக்கும் தசைதான். குதிகாலை உயர்த்திவிட்டு, தொடையிலிருந்து முழுக் காலையும் தூக்கி இறக்கினால் வேலை இடுப்புத் தசைக்குப் போய்விடும். அதற்குப் போகும் நரம்புகள் மேலே, வேறு முள்ளெலும்புகளிலிருந்து கிளம்புகின்றன. உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்டுக்கு டிரம்ஸ் தெரியாது, மாஸ்டருக்கு உடற்கூறு தெரியாது. பெடலை கிளினிக்குக்கே தூக்கிக்கொண்டுபோய், இருவரும் தரையில் உட்கார்ந்து பேசித்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். ஸ்ப்ரிங்கையும் இறுக்கினார்கள். தளர்ந்த ஸ்ப்ரிங் சோர்ந்த காலுக்கு இதம் என்று எல்லோரும் நினைப்பார்கள். பாதத்தைத் தூக்க முடியாதவருக்கு இறுகிய ஸ்ப்ரிங்தான் பெடலோடு சேர்த்துப் பாதத்தையும் மேலே தள்ளிக் கொடுக்கும்.

ஸ்டூலைச் சொந்தமாக வாங்கினார். முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி உயர்த்தினார். தொடையின் அடியில் விளிம்பு அழுத்தாமல் முன்பக்கம் வெட்டுவிட்ட, சைக்கிள் சீட் போன்ற வடிவம். ஸ்நேரையும் அதற்கேற்ப உயர்த்தியதால் குனிவது குறைந்தது. ஸ்டூலைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் மண்டபத்துக்குள் நுழைந்தால் சின்னப் பையன்கள் கேலி செய்வார்கள். பர்ஸ் சட்டைப் பைக்குப் போனது. வேனில் நீண்ட பயணம் என்றால் டீக்கடை கண்ட இடத்தில் இறங்கி நடப்பார், டிரைவர் முனகுவார்.

சர்க்கரை மரப்புக்குச் செய்தது வேறு. அதில் ஆபத்து வாசிப்புக்கு இல்லை, பாதத்துக்குத்தான். குளிக்கிற வெந்நீரைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் தொட்டுப் பார்க்கிறார். வெறுங்காலோடு மேடை ஏறுவதில்லை. கோயில் மேடை என்றால் பருத்திக் காலுறை. மற்ற நேரத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்கிற எம்.சி.ஆர். செருப்பு. வாசிக்க மட்டும் மெல்லிய அடி வைத்த கேன்வாஸ் ஷூ. தினம் இரவு தரையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலில் புண் இருக்கிறதா என்று பார்க்கிறார். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட மனைவி விட்டதில்லை.

நேரமும் அவருக்குச் சாதகமாகத் திரும்பியிருந்தது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொன்னதும், 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னதும் விடிய விடிய நடந்த கச்சேரிகளுக்கு மெல்ல மெல்ல முடிவு கட்டின. வருமானம் குறைந்தது என்று குழுக்காரர்கள் புலம்பினார்கள். மாஸ்டரும் வெளியே புலம்பினார்.

வலக்காலின் பலம் முக்கால்வாசி திரும்பிவிட்டது. கட்டைவிரல் நுனி மரப்பு மட்டும் போகவில்லை, இனிப் போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். இப்போது வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். முதல் பாடம் குச்சி பிடிப்பதல்ல, ஸ்டூல் உயரம். பயிற்சியின் நடுவே எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்வார். கால் மரக்கிறது என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் அந்த இடத்திலேயே வாசிப்பை நிறுத்திவிட்டு, எந்தக் கால், எந்த விரல், எழுந்து நடந்தால் போகிறதா என்று விசாரிக்கிறார்.

டிரம்ஸோ தவிலோ மிருதங்கமோ வாசிப்பவர்கள் அந்தக் கேள்விகளைத் தங்களுக்கே கேட்டுக்கொள்ளலாம். நடந்த சில நிமிடங்களில் போகிற மரப்பு உட்கார்ந்த விதத்தால் வந்தது. அடுத்த நாளும் இருந்தால், அதே விரலில் திரும்பத் திரும்ப வந்தால், செருப்பு நழுவினாலோ பாதம் தரையில் உரசினாலோ மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரையையும் பி12-ஐயும் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு காலும் பலமிழந்தாலோ, சைக்கிள் சீட்டில் படுகிற இடமெல்லாம் மரத்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ தெரியாமல் போனாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதில் மணிக்கணக்குத் தாமதமும் நிரந்தர ஊனத்தில் முடியலாம். ஒருபக்கக் கையும் காலும் திடீரென்று மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் 108-ஐக் கூப்பிடுங்கள். அது கால் சம்பந்தப்பட்டதல்ல, மூளையில் ரத்தக்குழாய் அடைத்ததாகவோ வெடித்ததாகவோ இருக்கலாம்.

விழா நடத்துகிறவர்களுக்கும் சவுண்டு சர்வீஸ்காரர்களுக்கும் மாஸ்டர் சார்பில் ஒரு வேண்டுகோள் உண்டு. டிரம்ஸ் செட்டைப் பேசும்போது மரை தேயாத ஸ்டூல் ஒன்றையும் சேர்த்துப் பேசுங்கள். முன் வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலி, முன் வரிசையிலேயே இருக்கட்டும்.